அம்மா காமினியைப் பார்க்கப் போனது

என் அம்மா தனலெட்சுமி பதினெட்டு வயதில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு பேக்டரியில் சேர்ந்தார். நகத்தைவிடச் சிறிய சில்லுகளில் தங்கக் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் வேலை. ஓய்வு பெறும்வரை அதே பேக்டரிதான். அப்பா கார்த்திகேசு அந்தப் பேக்டரிக்குப் பஸ் ஓட்டினார். அவர்கள் பழகியதும் பஸ்ஸில்தான்.

"எப்பவும் டிரைவர் பின்னாடியே உக்காருறீங்களே, என்ன விஷயம்?" என்று அப்பா ஒருநாள் கேட்டாராம்.

"அங்கதான் காத்து வருது. வேற ஒன்னும் இல்ல."

அம்மா அவ்வளவுதான் பேசுவார்.

அந்தக் காலத்தில் அங்கே இருந்த பேக்டரிகளில் அடிக்கடி ஒன்று நடக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் திடீரென்று கத்துவாள். லென்ஸில் ஏதோ முகம் தெரிந்தது என்பாள். பக்கத்தில் இருப்பவள் கத்துவாள். கொஞ்ச நேரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் லைன் முழுக்கக் கத்தும். மலாய்ப் பெண்கள் ஹந்து என்பார்கள், தமிழ்ப் பெண்கள் பேய் என்பார்கள். நிர்வாகம் ஹிஸ்டீரியா என்று எழுதிவிட்டு, மந்திரிப்பதற்கு ஒரு போமோவையும் வரவழைக்கும். ஆடு வெட்டித் தண்ணீர் தெளித்த பிறகு லைன் மறுபடி ஓடும்.

அம்மாவை மட்டும் அது ஒருமுறையும் பிடிக்கவில்லை. 'கல்லு' என்று பெயர் வைத்தார்கள். இருபத்தாறு வயதில் லைன் லீடர் ஆக்கினார்கள். கத்தல் தொடங்கினால் சூப்பர்வைசர் அம்மாவைத்தான் கூப்பிடுவார். யாருக்கு நிஜமாகவே முடியவில்லை, யார் அரைநாள் லீவுக்காக விழுகிறார்கள் என்று அம்மா பார்த்துச் சொல்வார். அவர் சொன்னால் அதுதான் முடிவு.

பினாங்குப் பாலம் திறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பிலிருந்து காமினி என்று ஒரு புதுப் பெண் வேலைக்கு வந்தாள். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. ஒருநாள் அவளுடைய கை மேசைமேல் வெட்டி வெட்டி இழுத்தது. வாய் ஒரு பக்கம் போனது. கூப்பிட்டால் பதில் இல்லை. அவள் கத்தவில்லை, அன்று வேறு யாருக்கும் எதுவும் நடக்கவும் இல்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு ஒரே சொல் சொன்னார்: "வாயாங்." மலாயில் கூத்து என்று பொருள். எங்கள் ஊரில் எல்லா மொழிக்காரரும் நடிப்புக்கு அதைத்தான் சொல்வார்கள். மத்தியானமே அப்பாவின் பஸ்ஸில் காமினியைத் தனியாக ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் திரும்பி வரவில்லை.

இந்தக் கதையை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் அம்மா சொல்லும் ஒரே கதை இதுதான். காமினி மாதிரி கையை வெட்டி வெட்டி இழுத்துக் காட்டி, "என்கிட்டயா?" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்போம்.

அம்மா ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு தீபாவளி முடிந்த வாரம், அவர் குடித்துக்கொண்டிருந்த தே-ஓ கிளாஸ் கையிலிருந்து விழுந்தது. வலது கை மேலே இழுத்தது. முகமும் அதே பக்கம் சுளித்தது. நான் எழுந்திருப்பதற்குள் முடிந்துவிட்டது.

"என்னாச்சும்மா?"

"ஒன்னுமில்ல. ரிட்டயர் ஆன கை. வேற வேலை இல்ல அதுக்கு."

அன்று சாயங்காலம் மறுபடி வந்தது. அடுத்த வாரம் எண்ண முடியாத அளவுக்கு வந்தது. ஜெலுத்தோங்கில் நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் நரம்புக்கு வைட்டமின் கொடுத்தார்கள். அதன் பிறகு தூக்கம் போனது. சோறு வடித்து வைத்துவிட்டு மறுபடி அரிசி களைந்தார். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னார்: "குசினில ரெண்டு பொண்ணுங்க நிக்குதுங்க. நம்ம யூனிஃபார்ம்தான்."

சமையலறையில் யாரும் இல்லை.

ரோஹானா ஆன்ட்டி பார்க்க வந்தார். அம்மாவோடு ஒரே லைனில் இருந்தவர், லைனிலேயே தமிழ் கற்றவர், அம்மாவைத் 'தானா' என்று கூப்பிடுபவர். பச்சைப்பயறு போட்ட கச்சாங் கஞ்சி கொண்டு வந்திருந்தார். யூனிஃபார்ம் பெண்களைப் பற்றிக் கேட்டதும் அழுதுவிட்டார்.

"தானா, அது இத்தன வருஷமா காத்துக்கிட்டு இருந்துச்சு லா. அப்ப உன்னத் தொட முடியல. இப்ப வயசாச்சு, வந்துருச்சு."

"பஸ் ஏறியா வந்துச்சு?" என்றார் அம்மா. கை இழுத்தது.

ரோஹானா ஆன்ட்டி எங்களுக்குக் கெட்டது நினைப்பவர் இல்லை. ஆனால் அப்பா அதை நம்பிவிட்டார். அந்தப் பேக்டரியோடு சம்பந்தப்பட்ட யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். அவர்கள் எல்லோரும் அந்தக் கத்தலைக் கேட்டவர்கள். அப்பா முனீஸ்வரன் கோயிலில் கயிறு கட்டிவிட்டார். எலுமிச்சம்பழம் சுற்றினார். "ஊறுகாய்க்காவது வச்சிருக்கலாம்" என்றார் அம்மா. அதுதான் அந்த வருடம் அவர் தெளிவாகச் சொன்ன கடைசி நக்கல்.

பிறகு அப்பாவையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "இவரு கார்த்திகேசு இல்ல. அவரு சட்டைய மாட்டிக்கிட்டு யாரோ வந்திருக்கான்" என்று ஃபிளாட் தாழ்வாரத்தில் நின்று கத்தினார். அப்பாவைத் தள்ளிவிட்டார். பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

மூளை ஸ்கேன் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. தலையில் ஒயர் ஒட்டி அலைகளைப் பதிவு செய்தார்கள், அதுவும் சரியாக இருந்தது. முன்னால் மனம் சம்பந்தமாக ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அப்பா எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்தார். பேக்டரி, கத்தல், போமோ என்று எல்லாவற்றையும் சொன்னார். இந்த ஊரில் அந்தக் கதை தெரியாத டாக்டர் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அம்மாவை மனநலப் பிரிவில் சேர்த்தார்கள்.

அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். சோதனைகளில் எதுவும் தெரியவில்லை, கையில் ஒரு கதை இருந்தது. நான் பாயான் லெப்பாஸில் சோதனைப் பொறியாளர். பழுதாகி வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த சில்லுகளைப் பார்ப்பதுதான் என் வேலை. சோதனையில் தேறிய சில்லு, சோதனை நடந்த நேரத்தில் நன்றாக இருந்தது. அதற்கு மேல் அந்த முடிவு எதையும் சொல்லாது.

மாத்திரைகளில் அம்மா மந்தமானார். கை மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் நான் கஞ்சி ஊட்டும்போது கை வெட்டி, கிண்ணம் போர்வையில் கவிழ்ந்தது. போர்வை மாற்ற வந்த நர்ஸுக்கு அன்று அது எத்தனையாவது போர்வையோ.

"ஆன்ட்டி, வாயாங் போதும் லா. சாப்பிடுங்க."

அம்மா அவளையே பார்த்தார். அவள் போன பிறகும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள பேரு என்ன?"

"நர்ஸா? தெரியலம்மா."

"இல்ல. சுங்கை பாக்காப் புள்ள."

எனக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரமானது. "காமினியா?"

"ஆமா. நானும் இப்படித்தானே சொன்னேன்?" கையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "அவ கையும் இப்படித்தான் போச்சு, தனு. அவ நடிக்கல. அவள பாக்கணும். பாத்து சொல்லணும்."

அதன் பிறகு தினமும் அதையே சொன்னார். நான் போனால் சில நாள் தனுஜா என்று தெரியும், சில நாள் என்னை வார்டு ஊழியர் என்று நினைப்பார். யாராக இருந்தாலும் அதையே சொல்வார். காமினியைப் பார்க்கணும், அவ நடிக்கல. பேச்சில் மற்றதெல்லாம் உதிர்ந்துகொண்டே வந்தது, இது மட்டும் நின்றது. அம்மா அந்தப் பெண்ணின் முன்னால் நின்று அதைச் சொல்லும் அளவுக்காவது மீள வேண்டும் என்பது என் ஒரே எண்ணமாக இருந்தது.

ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் உப்பின் அளவு, அதாவது சோடியம், கீழ் எல்லைக்குக் கீழே இருந்தது. தண்ணீர் அதிகம் குடிக்கிறார் என்றார்கள். பிறகு மாத்திரையால் என்றார்கள். பிறகு வயது என்றார்கள். ஒரே அளவு ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டினால், என் மேசையில் அதை யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

வார இறுதிக்கு அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். விட்டு விட்டு வரும் பழுதுக்கு ஒரே வழிதான் உண்டு. கருவியை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தொலைபேசியை வீடியோவில் போட்டு மைலோ டின்னில் சாய்த்து வைத்தேன். அம்மா டிவி பார்த்தார். கையும் முகமும் சேர்ந்தே இழுத்தன. எப்போதும் ஒரே பக்கம், கண்மூடித் திறக்கும் நேரம். மறுபடி. மறுபடி.

அதை எடுத்துக்கொண்டு நரம்பியல் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் அஃபிக் என்னைவிட இளையவர். படத்தை ஒருமுறை பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். "உப்பு கம்மியா?" என்று அவரே கேட்டார். தாள்களை நீட்டினேன்.

"இது வலிப்பு. மனநோய் இல்ல," என்றார்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, மூளையில் இருக்கும் ஒரு புரதத்தையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அதனால் மூளையில் அழற்சி வருகிறது. அரிதான நோய். இந்தக் கை இழுப்பு அதன் அடையாளம். ஆரம்பத்தில் ஸ்கேனில் தெரியாமலே போகலாம். ரத்தமும் முதுகுத் தண்டு நீரும் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். வந்த முடிவும் அவர் சொன்னதுதான்.

"அப்ப பேக்டரில நடந்ததுக்கும் இதுக்கும்?" என்று அப்பா கேட்டார்.

"ஒன்னும் இல்ல, அங்கிள்."

அப்பா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "நான்தானே அந்தக் கதைய எடுத்துச் சொன்னேன்," என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சில நாட்களில் கை நின்றது. குசினியில் நின்ற பெண்கள் போய்விட்டார்கள். ஒரு காலை அம்மா அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? பஸ்ஸுல யாரும் ஏறுறதில்லையா?" அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆனால் மாதக்கணக்கில் எரிந்த இடம் எரிந்ததுதான். புதிய நினைவுகளைச் சேர்த்து வைக்கும் பகுதி சுருங்கியிருந்தது. இந்த முறை ஸ்கேனில் நன்றாகத் தெரிந்தது. பழையது எல்லாம் இருந்தது. இன்று நடந்தது நாளைக்கு இல்லை. முன்னாலேயே வந்திருந்தால் என்று அப்பா தொடங்கினார். சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

வார்டில் இருந்ததே அம்மாவுக்கு நினைவில்லை. நர்ஸ் இல்லை, போர்வை இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த முதல் நாளே கேட்டார்: "காமினிய பாக்கணும். அவ நடிக்கல." அது மட்டும் எப்படித் தங்கியது என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அப்பாவுக்குக் காமினியை இறக்கிவிட்ட தோட்டத்து முச்சந்தி நினைவிருந்தது. அங்கே இப்போது வீடமைப்புத் திட்டம். ஒரு சாப்பாட்டுக் கடையில் விசாரித்தார். சுங்கை பாக்காப் டவுனில், காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடையில் வேலை செய்கிறாள் என்றார்கள்.

இரண்டாவது பாலம் வழியாகப் போனோம். கடையில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் நீள மேசையில் ஹோட்டல் டவல்களை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா நேராகப் போய் அவர் முன்னால் நின்றார்.

"காமினி, நான் தனம். லைன் லீடர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியுது. கல்லு அக்கா."

"நீ நடிக்கல. நான் தப்பா சொல்லிட்டேன். எனக்கும் கை அப்படிப் போச்சு. யாரும் நம்பல."

காமினி அக்காவின் கை மடிப்பதை நிறுத்தவில்லை. "அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் எங்கப்பா பெல்ட்ட எடுத்தாரு. நல்ல வேலைய விட்டுட்டு வந்துட்டேன்னு."

அம்மா நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க அக்கா. டவல் மடிக்கத் தெரியுமா?"

அம்மா மடித்தார். கைக்கு எல்லாம் நினைவிருந்தது. ஓரத்தோடு ஓரம் வைத்து நீவினார். பிறகு காமினி அக்கா மடித்து அடுக்கியதிலிருந்து ஒன்றை உருவினார். "இது ஓரம் சேரல."

"பாருங்களேன்," என்றார் காமினி அக்கா அப்பாவிடம். "இப்பவும் என்னை ரிஜெக்ட் பண்றாங்க."

மூவரும் சிரித்தார்கள். கிளம்பும்போது நான் தனியாகக் கேட்டேன், அவருக்கு அது பிறகும் வந்ததா என்று. கல்யாணம் ஆகும்வரை சில தடவை வந்தது, தானாகவே நின்றுவிட்டது என்றார். என்ன என்று யாரும் பார்க்கவில்லை. டாக்டர் அஃபிக்கைப் பார்க்கலாமா என்றேன். "இப்ப தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?" என்றார்.

திரும்பும்போது பாலத்தில் அம்மா ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கினார். பல மாதங்களாக அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ரொட்டியில் காயா ஜாம் தடவிக்கொண்டே சொன்னார்: "தனு, காமினிய பாக்கணும். அவ நடிக்கல."

"நேத்துப் பாத்தோமேம்மா. நீங்க சொல்லிட்டீங்க."

அம்மா என்னைப் பார்த்தார். "நீ சும்மா சொல்ற."

தொலைபேசியில் படம் எடுத்து வைக்காதது தப்பு என்று நினைத்தேன். ஆனால் படத்தைக் காட்டியிருந்தால் மட்டும் என்ன? அதையும் மறந்திருப்பார். அப்பா கார்ச் சாவியை எடுத்தார்.

அந்த ஞாயிறு மறுபடி அதே மேசை, அதே டவல்கள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா போய் நின்றுவிட்டார்.

"காமினி, நான் தனம். லைன் லீடர்."

காமினி அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"தெரியுது," என்றார். "கல்லு அக்கா."

அதன் பிறகு பல ஞாயிறுகள் போனோம். அம்மா ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னார், முதல் முறை சொல்பவரின் பயத்தோடு. காமினி அக்காவின் பதில்தான் மாறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் கோபப்பட்டார். "இதச் சொல்ல இவ்வளவு வருஷமா அக்கா?" என்று டவலை மேசையில் அடித்தார். அம்மா தலை குனிந்து நின்றார். அன்று டவல் மடிக்கவில்லை. ஒருநாள் காமினி அக்கா தோட்டத்தில் தனக்கு வைத்திருந்த பட்டப்பெயரைச் சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். ஒருநாள் வேலை அதிகம், "சரி சரி, உக்காருங்க" என்றதோடு சரி.

கடைசியாகப் போனது தைப்பூசம் முடிந்த ஞாயிறு. அம்மா சொல்லி முடித்ததும் காமினி அக்கா மேசையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கையை.

"விடுங்க அக்கா. எனக்கு மனசுல ஒன்னும் இல்ல."

பிறகு கார்வரை வந்தார். அம்மா ஏறி உட்கார்ந்த பிறகு என்னிடம் சொன்னார்: "இத்தன நாளா வாய்க்கு வந்தத சொன்னேன் தனு. இன்னிக்குத்தான் நெஜமா சொன்னேன். ஆனா அவங்களுக்கு நாளைக்கு இருக்காதே."

நோய் திரும்பாமல் இருக்கக் கொடுத்த மருந்துகள் அம்மாவின் எதிர்ப்புச் சக்தியை அடக்கியே வைத்திருந்தன. ஒரு காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. நுரையீரல் தாங்கவில்லை. ஒரு வாரத்துக்குள் போய்விட்டார்.

ஃபிளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டு நாற்காலிகள் வைத்தோம். அப்பா வாசலில் நின்றார். துக்கம் கேட்க வந்தவர்கள் கையைப் பிடித்து, தாழ்ந்த குரலில், "கடைசில மனநிலை சரியில்லைன்னாங்களே" என்றபோதெல்லாம் அவர் ஒரே மாதிரி பதில் சொன்னார். "இல்ல. மூளையில அழற்சி. டாக்டர் கண்டுபிடிச்சுட்டாரு." பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயர் சொல்வது போல, வந்த ஒவ்வொருவருக்கும் அதைச் சொன்னார்.

பழைய லைன்காரர்கள் ஒரு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரோஹானா ஆன்ட்டி. அழுது ஓய்ந்த பிறகு பழைய பேச்சு வந்தது. தனம் எப்படி நடப்பார், தனம் கையில் ரிஜெக்ட் ஆனால் அப்பீல் கிடையாது. ஒருத்தி சிரித்துக்கொண்டே தொடங்கினாள்.

"அந்த சுங்கை பாக்காப் பொண்ணு ஞாபகம் இருக்கா? கைய வெட்டி வெட்டி… தனம் ஒரு பார்வைதான் பாத்துச்சு. வாயாங்…"

"அது நான்தான்," என்றார் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த காமினி அக்கா.

தொடங்கியவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். ரோஹானா ஆன்ட்டி நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார்.

"நடிக்கல, தப்பா சொல்லிட்டேன்னு வந்து சொன்னாங்க," என்றார் காமினி அக்கா.

"தானாவா? எப்ப?"

"நெறைய தடவ."

ரோஹானா ஆன்ட்டி எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் காமினி அக்கா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.